ஏற்காட்டுப் பள்ளிக்கூடமும் தேசியக் கல்வித் தொலைக்காட்சியும்

ஏற்காடு ஒன்றியத்தில் இரண்டு ஆசிரியர் மட்டும் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியிலிருந்து வந்த கேள்வி இது: "எங்கள் பள்ளி ஸ்டோர் ரூமில் பூட்டு வைத்த மரப்பெட்டிக்குள் ஒரு பழைய கலர் டிவி இருக்கிறது. அந்தக் காலத்தில் இந்தியா முழுக்கப் பள்ளிக்கூடங்களுக்கு டிவியில் பாடம் வந்தது என்கிறார்கள். அப்படி ஒன்று இருந்ததா? இருந்தால், ஊரில் யாருக்கும் அது தமிழில் வந்த நினைவே இல்லையே, ஏன்? இப்போது ஒரு டிஷ் மாட்டினால் பயன் உண்டா?"

இருந்தது. 1961-லிருந்து ஏதோ ஒரு வடிவத்தில் இருந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் செயற்கைக்கோள் வழியாக நாடு முழுவதற்கும் என்று சொல்லித் தொடங்கிய பள்ளிச் சேவைகளின் மொழிப் பட்டியலில் தமிழ் நெடுங்காலம் இல்லை. அதனால் ஊரார் மறந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். மறப்பதற்கு அங்கே ஒன்றும் வரவில்லை.

டில்லியிலிருந்து தொடங்குகிறேன். 1959 செப்டம்பர் 15-ல் அகில இந்திய வானொலியின் ஒரு பிரிவாக அங்கே தொலைக்காட்சி தொடங்கியது. யுனெஸ்கோ கொடுத்த பணத்தில் டில்லியைச் சுற்றி 'டெலிகிளப்' என்ற பெயரில் பொது இடங்களில் பெட்டிகள் வைத்து, வாரத்துக்குச் சில மணி நேரம் மட்டும் ஒளிபரப்பினார்கள். இரண்டே ஆண்டில், 1961 அக்டோபரில், ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு பள்ளித் தொலைக்காட்சி வந்தது. தினசரிப் பொது ஒளிபரப்பு 1965-ல்தான் வந்தது. ஆக, இந்தியாவில் சினிமாப் பாட்டும் நாடகமும் வீட்டுப் பெட்டிக்கு முறையாக வருவதற்கு முன்பே இயற்பியலும் வேதியியலும் பள்ளிப் பெட்டிக்கு வந்துவிட்டன. 'டிவி என்றாலே பொழுதுபோக்கு, அதைக் கல்விக்கு இழுத்து வருகிறோம்' என்று பேசுகிறவர்களுக்கு இந்த வரிசை தெரியாது.

டில்லித் திட்டம் எடுபட்டதற்குக் காரணம் மிகச் சாதாரணமானது. உயர்நிலைப் பள்ளிகளில் நல்ல ஆய்வகம் இல்லை, அறிவியல் ஆசிரியர்களும் போதவில்லை. ஸ்டுடியோவில் ஒரு பரிசோதனையைச் செய்து காட்டினால் எல்லாப் பள்ளிக்கும் ஒரே நேரத்தில் தெரியும். ஒளிபரப்பு பாடத்திட்டத்தை ஒட்டியே போனது. வகுப்பாசிரியர் முதலில் சில நிமிடம் முன்னுரை சொல்லுவார், பிறகு டிவி ஓடும், முடிந்ததும் அவரே கேள்வி கேட்டுப் பாடத்தை முடிப்பார். டிவி ஆசிரியரின் இடத்தைப் பிடிக்கவில்லை, ஒரு பீரியடின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது. ஒளிபரப்பு அட்டவணையும் பள்ளி நேர அட்டவணையும் ஒரே நகரத்து அதிகாரிகளின் கையில் இருந்ததால் இரண்டையும் பொருத்த முடிந்தது. பின்னால் வந்த பெரிய திட்டங்களில் சறுக்கியதெல்லாம் இந்த இடத்தில்தான்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. டில்லி, பம்பாய், ஸ்ரீநகர் போலச் சென்னை நிலையமும் பள்ளி நிகழ்ச்சிகளை ஒளிபரப்பியது. அப்படியானால் சேலத்துக்கு ஏன் வரவில்லை? கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த அலைவரிசை ஏறத்தாழப் பார்வைக் கோட்டில்தான் போகும். கோபுரத்தின் உயரத்தையும் ஆன்டெனாவின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, இரண்டின் வர்க்கமூலத்தையும் கூட்டி 4.12-ஆல் பெருக்கினால் எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்பது கிடைக்கும். கோபுரம் 150 மீட்டர், வீட்டு ஆன்டெனா 10 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் சுமார் 63 கிலோமீட்டர். சேலத்துக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் சுமார் 280 கிலோமீட்டர். சரி, சேர்வராயன் உச்சியில் ஆன்டெனா நட்டால்? 1600 மீட்டருக்குச் சற்று மேலான உயரம், எட்டுவது 215 கிலோமீட்டர் அளவில். அங்கிருந்து சென்னை 265 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மலை உச்சிக்கே எட்டாதபோது அதன் மடியில் உள்ள நாகலூருக்கும் வெள்ளக்கடைக்கும் எப்படி எட்டும்? வானிலை வாகாக அமைந்த சில இரவுகளில் புள்ளி புள்ளியாகப் படம் தெரிவது வேறு விஷயம். அதை நம்பிப் பள்ளிக்கூட நேர அட்டவணை போட முடியாது.

இந்தத் தூரச் சிக்கலைத் தாண்டத்தான் செயற்கைக்கோள். விண்வெளி அறிவியலாளர் விக்ரம் சாராபாய் இந்த யோசனையை 1960-களிலேயே முன்வைத்தார். 1969 செப்டம்பரில் இந்திய அணுசக்தித் துறையும் நாசாவும் ஒப்பந்தம் போட்டன. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, சரியாக ஓர் ஆண்டு, நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை இந்தியா இரவலாகப் பயன்படுத்தியது. அதற்குப் பெயர் செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிப் பரிசோதனை, சுருக்கமாக 'சைட்'. கென்யாவுக்கு நேர் மேலே, 35 டிகிரி கிழக்கில், அந்தக் கோளை நிறுத்தினார்கள். அகமதாபாத்திலிருந்து நிகழ்ச்சி மேலே போகும். கோளில் இருந்த 9.1 மீட்டர் விரிகுடை ஆன்டெனா அதை 860 மெகாஹெர்ட்ஸில் கீழே அனுப்பும். கீழே, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2400 கிராமங்களில், 3 மீட்டர் குறுக்களவில் கோழிவலைக் கம்பியால் செய்த டிஷ்களும் ஹைதராபாத் இசிஐஎல் நிறுவனம் தயாரித்த டிவிப் பெட்டிகளும் காத்திருந்தன.

கோழிவலை எப்படிப் போதுமானதாக இருந்தது என்று கேட்பார்கள். 860 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். வலையின் கண் அதில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் அலைக்கு அது தகடு மாதிரிதான். இரண்டு மூன்று சென்டிமீட்டர் கண் உள்ள வலை தாராளம். காற்றும் புகுந்து போகும், கிராமத்திலேயே வைத்துக் கட்டலாம், விலையும் மலிவு. இன்றைய டிடிஎச் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். அதற்குக் கோழிவலை கட்டினால் அலை அதன் வழியே நழுவிப் போய்விடும். பழைய புகைப்படத்தைப் பார்த்துவிட்டு அதே போலச் செய்யலாமா என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

அந்த ஆறு மாநிலங்கள் ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான். மொழிகள் இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம். பின்தங்கிய மாவட்டங்கள் கொத்தாக உள்ள இடங்களைத் தேடியபோது கர்நாடகத்தில் குல்பர்கா, பீஜாப்பூர், ராய்ச்சூர் வந்தன. தமிழ்நாட்டில் ஒரு மாவட்டமும் வரவில்லை. காலையில் பள்ளிகளுக்கு ஒன்றரை மணி நேரம், அதில் ஒரு மொழிக்கு இருபத்திரண்டரை நிமிடம். மாலையில் பெரியவர்களுக்கு இரண்டரை மணி நேரம். பள்ளி நிகழ்ச்சியைவிடப் பெரிய பயன் தந்தது ஆசிரியர் பயிற்சி என்பது என் கருத்து. தொடக்கப் பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்கு 1975 அக்டோபரிலும் 1976 கோடையிலும் டிவி, வானொலி, அச்சிட்ட பாடம், கையால் செய்யும் சோதனைகள் எல்லாம் சேர்த்து இரண்டு சுற்றுப் பயிற்சி நடந்தது. இரண்டிலும் சேர்த்து 48,000 பேர் அளவில் கலந்துகொண்டார்கள். குழந்தைக்குப் படம் காட்டினால் அந்த வகுப்போடு சரி. ஆசிரியருக்குக் காட்டினால் அவர் ஓய்வு பெறும் வரை அது வகுப்பறையில் இருக்கும்.

'சைட்' காலத்தில் பெட்டிகள் ஓடின. பழுது பார்க்க ஆளும் வண்டியும் உதிரிப் பாகமும் வைத்து இஸ்ரோ அதை ஒரு விண்வெளித் திட்டம் போலவே நடத்தியது. ஓராண்டு முடிந்ததும் அமெரிக்கா கோளைத் திருப்பி நகர்த்திக்கொண்டது. 1977-ல் ஜெய்ப்பூர், ஹைதராபாத், குல்பர்கா போன்ற இடங்களில் தரைவழி ஒளிபரப்பிகள் வைத்து ஒரு பகுதிக் கிராமங்களைத் தொடர்ந்தார்கள். கொழும்பில் வாழ்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் வீட்டு மாடியிலும் இந்தியப் பொறியாளர்கள் ஒரு டிஷ் வைத்துக் கொடுத்தார்கள்.

அடுத்தது இன்சாட் காலம், அதாவது இந்தியாவுக்கே சொந்தமான செயற்கைக்கோள் வரிசை. இங்கேதான் தமிழ் விடுபட்டது வழக்கமாகவே ஆகிவிட்டது. இன்சாட்-1ஏ 1982 ஏப்ரலில் மேலே போய் செப்டம்பரிலேயே செயலிழந்தது. 1983 ஆகஸ்ட் 30-ல் சேலஞ்சர் விண்ணோடத்தில் போன இன்சாட்-1பி நிலைத்தது. அதில் தொடக்கப் பள்ளிகளுக்கான கல்வித் தொலைக்காட்சி ஆந்திரம், ஒரிசா, மகாராஷ்டிரம், குஜராத், பீகார், உத்தரப் பிரதேசம் என்ற ஆறு மாநிலங்களுக்கு, ஐந்து மொழிகளில் நடந்தது: தெலுங்கு, ஒரியா, மராத்தி, குஜராத்தி, இந்தி. 5 முதல் 8 வயதுக்கு ஒரு நிகழ்ச்சி, 9 முதல் 11 வயதுக்கு ஒன்று, சுமார் 20 நிமிடம் வீதம். இரண்டும் சேர்ந்து ஒரு மொழிக்கு நாளுக்கு 45 நிமிடம். 1984-ல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவான என்சிஇஆர்டியின் கீழ் மத்தியக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் உருவானது. நிகழ்ச்சி தயாரிக்க மாநில அளவில் அமைத்த நிறுவனங்களும் அதே ஆறு மாநிலங்களில்தான். தமிழ்நாட்டில் இல்லை. நிறுவனம் இல்லாததால் தமிழில் தயாரிப்பு இல்லை. தயாரிப்பு இல்லை என்றால் கோளில் நேரம் கேட்பதற்கும் ஒன்றுமில்லை. தமிழை யாரோ திட்டமிட்டு ஒதுக்கினார்கள் என்பதைவிட, 1975-ல் எப்படி மாநிலங்களைத் தேர்ந்தெடுத்தார்களோ அந்தச் சிந்தனைத் தடத்திலேயே பத்தாண்டு ஓடினார்கள் என்பது சரியாக இருக்கும்.

மொழி கிடைத்த மாநிலங்களும் இதை முழுசாகப் பயன்படுத்தவில்லை. 45 நிமிடத்தை ஐந்தால் பெருக்குங்கள், 225 நிமிடம். ஒரே அலைவரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து மொழி ஓட மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். யாராவது ஒருவருடைய முறை பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே வந்துவிடும், அல்லது மதிய இடைவேளையில் வந்து விழும். டில்லியில் 1961-ல் இருந்த பொருத்தம் இங்கே கணக்கிலேயே இல்லாமல் போயிற்று. போதாக்குறைக்கு, மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்திருக்கும் ஆசிரியர், 5 முதல் 8 வயதுக்கான நிகழ்ச்சி ஓடும்போது பெரிய பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் உட்கார வைப்பார்?

உங்கள் மரப்பெட்டிக் கலர் டிவிக்கு இப்போது வருவோம். 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு, கல்வித் தொழில்நுட்பத் திட்டத்தின் கீழ் தொடக்கப் பள்ளிகளுக்குக் கலர் டிவியும் ரேடியோவோடு சேர்ந்த கேசட் பிளேயரும் வாங்க மத்திய அரசு பணம் கொடுத்தது. பூட்டு வைத்த மரப்பெட்டி அந்தக் காலத்துப் பள்ளிப் பெட்டிகளின் அடையாளம். திருடு போகாமலிருக்கப் போட்ட பூட்டு, திறக்காமலிருக்கவும் நன்றாகவே உதவியது. சாவி தலைமையாசிரியரிடம் இருக்கும், அவர் கூட்டத்துக்காகக் கீழே சேலத்துக்குப் போயிருப்பார். ஃபியூஸ் போனால் போட ஆள் இல்லை. மலையில் மின்னழுத்தம் 160 வோல்ட்டுக்கும் 260 வோல்ட்டுக்கும் நடுவே ஆடினால் ஸ்டெபிலைசர் இல்லாத பெட்டியின் பவர் சப்ளை முதலில் போகும். செலவுத் திட்டத்தில் பெட்டிக்குப் பணம் இருந்தது. ஸ்டெபிலைசருக்கும் ஃபியூஸுக்கும் தலைப்பு இல்லை.

அதே காலத்தில், 1984 ஆகஸ்ட் 15 முதல், பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரி மாணவர்களுக்காக 'நாடு தழுவிய வகுப்பறை' என்ற நிகழ்ச்சியைத் தூர்தர்ஷனில் தொடங்கியது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் அதற்குத் தயாரிப்பு மையங்கள் இருந்தன. தமிழ்நாட்டில் தயாரானாலும் நிகழ்ச்சி ஆங்கிலத்தில்தான். பலருக்கு 'டிவியில் பாடம்' என்றால் மத்தியானத்தில் புரியாத ஆங்கிலத்தில் ஓடிய ஏதோ ஒன்று என்று நினைவிருக்கிறதே, அது இதுதான். பள்ளிச் சேவையோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

2000 ஜனவரி 26-ல் ஞான் தர்ஷன் என்ற முழுநேரக் கல்விச் சேனல் வந்தது. 2004 செப்டம்பர் 20-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி ஏவிய எடுசாட், கல்விக்கென்றே செய்த கோள். 1950 கிலோ எடை, 74 டிகிரி கிழக்கு. நம் சேலம் 78 டிகிரியில் இருக்கிறது, ஆகவே கிட்டத்தட்ட நடுவானில் நின்றது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனியாக அலை அனுப்பும் கற்றைகள் இருந்ததால் ஐந்து மொழி ஒரே அலைவரிசையில் வரிசையில் நிற்கும் தொல்லை தொழில்நுட்ப அளவில் தீர்ந்தது. சத்தியமங்கலம் மலையைத் தாண்டினால் வரும் சாம்ராஜ்நகர் மாவட்டத்தில் 800-க்கு மேற்பட்ட கன்னடத் தொடக்கப் பள்ளிகளில் டிஷ் வைத்தார்கள். கேரளம் 2005 ஜூலையில் விக்டர்ஸ் சேனலைத் தொடங்கி, அதையே வளர்த்து, 2020 ஜூன் 1-ல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பாடத்தை ஒரு நாள் தாமதமில்லாமல் ஆரம்பித்தது. பதினைந்து ஆண்டு ஓடிப் பழகிய ஸ்டுடியோவும் ஆட்களும் கையில் இருந்ததால் அவர்களுக்கு அது முடிந்தது. எடுசாட் 2010-ல் ஓய்வு பெற்றது.

தமிழில் முழுநேரப் பள்ளிச் சேனல் 2019 ஆகஸ்ட் 26-ல் வந்த கல்வித் தொலைக்காட்சிதான். அது மாநில அரசினுடையது, தேசியச் சேவை அல்ல. தொடங்கி வைத்த அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி உங்கள் மாவட்டத்துக்காரர். சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் ஸ்டுடியோ, அரசு கேபிளில் 200-ஆம் எண். ஓராண்டுக்குள் கொரோனா வந்ததால் 2020 ஜூலையில் வகுப்புவாரியாகப் பாடங்களை அதில் போட்டார்கள். அப்போது கை கொடுத்த இன்னொன்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2006 முதல் கொடுத்த இலவச 14 அங்குலக் கலர் டிவி. ஸ்மார்ட்ஃபோன் இல்லாத வீட்டிலும் பெட்டி இருந்தது. மலைக்கிராமங்களில் என்ன சிக்கல் என்றால், கேபிள் ஏற்காடு டவுனோடும் சாலையோரத்தோடும் நின்றுவிடும். எஸ்டேட் லைன் வீடுகளிலும் உள்ளே தள்ளி இருக்கும் குக்கிராமங்களிலும் டிடிஎச் குடைதான்.

தேசிய அளவில் இன்று இருப்பவை இரண்டு. 2017 ஜூலையில் தொடங்கிய ஸ்வயம் பிரபா, ஜிசாட்-15 கோள் வழியாக 32 சேனலாகத் தொடங்கியது, பெரும்பாலும் கல்லூரி, நுழைவுத் தேர்வுப் பாடங்கள். மற்றது 2020 மே மாதம் அறிவித்த பிஎம் இ-வித்யா, வகுப்புக்கு ஒரு சேனல் என்று 12. இதை வட்டார மொழிகளுக்காக 200 ஆக்குவதாக 2022 பட்ஜெட்டில் சொன்னார்கள். சேனல் எண்ணிக்கை பெருகியதால், ஒருவர் முறை வரும்வரை இன்னொருவர் காத்திருக்கும் 1980-களின் சிக்கல் இப்போது இல்லை. மறு ஒளிபரப்பும் நாளுக்குப் பல தடவை உண்டு.

இனி உங்கள் கடைசிக் கேள்வி, டிஷ் போடலாமா. போடலாம், அதிகச் செலவில்லை. ஆனால் மலையில் சில விஷயம் கீழே சேலத்தில் செய்வது போல இல்லை.

ஏற்காட்டிலிருந்து ஜிசாட்-15 தென்கிழக்கில், வடக்கிலிருந்து வலப்புறமாகச் சுமார் 127 டிகிரி திசையில், அடிவானத்திலிருந்து 67 டிகிரி உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரம் என்பது மலைக்காரர்களுக்கு வரம். தரைவழி ஒளிபரப்பை மறைத்த அதே முகடு இதை மறைக்காது. மறைப்பது மரம்தான். காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் 20 மீட்டர் உயரம் என்றால், டிஷ் அதிலிருந்து 9 மீட்டர் தள்ளி இருந்தால் போதும். மரத்தின் உயரத்தை 2.4-ஆல் வகுத்துக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள், அதுதான் கணக்கு. இதைக் கருவியே இல்லாமல் சோதிக்க ஒரு வழி உண்டு. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், முற்பகல் 11 மணியை ஒட்டி, சூரியன் அந்தக் கோளுக்கு நேர் பின்னால் வரும். அந்த நேரத்தில் டிஷ் வைக்கப்போகும் இடத்தில் வெயில் விழுந்தால் வழி திறந்திருக்கிறது. மர நிழல் விழுந்தால் இடத்தை மாற்றுங்கள். அதே நாட்களில் அதே நேரத்தில் சில நிமிடம் படம் போய்விடும், சூரியனின் இரைச்சல் கோளின் குரலை அமுக்கிவிடுவதால். பெட்டி பழுது என்று ஆளைக் கூப்பிட வேண்டாம், தானே வரும்.

60 சென்டிமீட்டர் டிஷ் சேலத்துக்குப் போதும். ஏற்காட்டுக்கு 75 அல்லது 90 வாங்குங்கள். பனிமூட்டம் இந்த அலையை அதிகம் பாதிக்காது, கனமழை பாதிக்கும். பெரிய டிஷ் மழையை நிறுத்தாது, ஆனால் படம் உறைந்து நிற்கும் நேரத்தைக் குறைக்கும். கோடை இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வருவதால் டிவிப் பாடத்தைக் காலைப் பீரியடில் வையுங்கள்.

நடும் குழாய் செங்குத்தாக இருக்க வேண்டும், தூக்குக்குண்டு வைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் திசையைத் திருப்பும்போதெல்லாம் உயரக் கோணமும் சேர்ந்து மாறும், ஆள் நாள் முழுக்க நட்டைத் திருகிக்கொண்டிருப்பார். தகரக் கூரைக்கும் இரும்புக் குழாய்க்கும் பக்கத்தில் காம்பஸ் பொய் சொல்லும். பத்தடி தள்ளி நின்று திசையைப் பார்த்து, எதிரே ஒரு மரத்தையோ பாறையையோ குறி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் டிஷ், அலை குவியும் இடம் தட்டின் நடுவுக்கு நேரே இல்லாமல் விலகியிருக்கும் 'ஆஃப்செட்' வகை என்பதால் 67 டிகிரிக்கு வைத்தாலும் அது வானத்தை அவ்வளவு அண்ணாந்து பார்ப்பது போலத் தெரியாது. தட்டு 42 டிகிரி அளவில்தான் சாய்ந்திருக்கும். பார்வைக்குத் தப்பாகத் தோன்றுகிறது என்று மேலே தூக்கிவிட வேண்டாம்.

பெரும்பாலானோர் கோட்டை விடுவது எல்என்பியின் சுழற்சியில். டிஷ்ஷின் கை நுனியில் அலையை வாங்கும் சின்னக் கருவிதான் எல்என்பி. டிஷ் திசை சரி, உயரம் சரி, பெட்டியில் 'ஸ்ட்ரென்த்' 80 காட்டும், 'குவாலிட்டி' மட்டும் பூஜ்யத்தில் நிற்கும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், இதே கோளுக்கு டில்லியில் திருப்புவதைவிட இங்கே எல்என்பியை சுமார் 25 டிகிரி கூடுதலாகத் திருப்ப வேண்டும். பெட்டியோடு வரும் படத்தைப் பார்த்து அப்படியே மாட்டினால் வராது. கிளாம்பைத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் நாலைந்து விநாடி பொறுத்து, குவாலிட்டி உச்சத்துக்கு வரும் இடத்தில் இறுக்குங்கள். ஸ்ட்ரென்த் எண்ணைப் பார்க்கவே வேண்டாம், கேபிளும் எல்என்பியும் உயிரோடு இருக்கின்றன என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது.

செட்டாப் பாக்ஸ் எம்பெக்-4 வகையாக இருக்கட்டும், படத்தைச் சுருக்கி அனுப்பும் புதிய முறை அது. பழைய எம்பெக்-2 பெட்டியில் தூர்தர்ஷனின் இலவச டிடிஎச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷின் சில சேனல் மட்டும் தெரியும், கல்விச் சேனலைத் தேடினால் கறுப்புத் திரை. கேபிள் ஆர்ஜி-6, முப்பது மீட்டருக்குள், நடுவில் ஒட்டுப் போடாமல் ஒரே துண்டு. எல்என்பியில் சேரும் எஃப் கனெக்டரில் தண்ணீர் இறங்குவதுதான் மலையில் வருடா வருடம் வரும் வியாதி. ரப்பர் மூடி போட்டு, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் செல்ஃப்-அமால்கமேட்டிங் டேப் சுற்றி, கேபிளை எல்என்பிக்குக் கீழே ஒரு வளையம் தொங்கவிட்டு மேலே கொண்டுபோனால் நீர் வளையத்தின் அடியில் சொட்டிவிடும். குழாய்க்குத் தனி எர்த் கம்பி போடுங்கள். இடி இடிக்கும்போது கேபிளையும் பிளக்கையும் கழற்றிவிடுவது எல்லாவற்றையும்விட நல்ல காப்பு. குரங்கு எல்என்பிக் கையைப் பிடித்துத் தொங்கும், காட்டெருமை தாழ்வான குழாயில் முதுகு தேய்க்கும். ஆகவே கூரை மட்டத்துக்கு மேல், முள்கம்பி சுற்றி.

வகுப்பறையில் 32 அங்குலத் திரைக்கு 25 பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். முதல் வரிசை ஒன்றரை மீட்டர், கடைசி வரிசை ஐந்து மீட்டருக்குள். ஜன்னலுக்கு எதிரே வைத்தால் திரையில் வானம்தான் தெரியும். தகரக் கூரை என்றால் மழையில் ஒலி கேட்காது, ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் வேண்டும்.

இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு என்ற உங்கள் நிலையில் நேரடி ஒளிபரப்பை நம்ப வேண்டாம் என்றே சொல்வேன். கல்வித் தொலைக்காட்சிப் பாடங்கள் யூடியூபிலும் இருக்கின்றன. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களின் க்யூஆர் குறியீட்டிலும் காணொலி உண்டு. சிக்னல் உள்ள இடத்தில் தரவிறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்தால் நிறுத்தலாம், திரும்ப ஓட்டலாம், இந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் வீட்டில் பேசும் தமிழில் இல்லாத சொல் வரும்போது நிறுத்தி விளக்கலாம். ஒளிபரப்பு உங்களுக்காக நிற்காது. அப்படியானால் டிஷ் எதற்கு என்றால், ஃபோன் சிக்னலே இல்லாத ஊருக்கு. உங்கள் பள்ளியில் ஃபோனில் காணொலி ஓடுகிறது என்றால் டிஷ்ஷுக்குப் போகும் பணத்தில் ஒரு ஸ்டெபிலைசரும் யூபிஎஸ்ஸும் வாங்குங்கள்.

பழைய பெட்டியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் புதிய செட்டாப் பாக்ஸை மாட்ட மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஏவி துளை இருக்காது, படத்தை ஆன்டெனா அலையாக மாற்றும் ஆர்எஃப் மாடுலேட்டர் வைத்து ஆன்டெனாத் துளை வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அவ்வளவு மெனக்கெடுவது வீண். ஆர்வத்தில் பின்மூடியைக் கழற்றவும் வேண்டாம். கலர் படக்குழாய் ஓடும்போது 25,000 வோல்ட் அளவில் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்னேற்றம் தேங்கி நிற்கும். குழாய்க் கண்ணாடியில் ஈயமும் இருக்கிறது. பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாமல், ஸ்டாக் ரிஜிஸ்டரில் அதன் பதிவைத் தேடி, பயனற்ற பொருள் பட்டியலில் சேர்த்து வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு எழுதி, அனுமதி வந்ததும் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். பதிவில் பெட்டி வந்த வருடமும் எந்தத் திட்டத்தில் வந்தது என்பதும் எழுதியிருக்கும், அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.